கத்திரியும் கட்டுத்தறியும்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மூடிவிட்டால் டெல்டாவில் ஆறு என்பது மணல்தான். சம்பா அறுத்து, தாளில் தெளித்த உளுந்தும் பயறும் பறித்து, மாட்டை அவிழ்த்துவிடும்போது பங்குனி வெயில் ஏறியிருக்கும். அடுத்து சித்திரை, அதன் கடைசியில் கத்திரி. மாட்டுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய மாதங்களில்தான் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. குளமும் குட்டையும் வற்றாமல் இருந்தால் உண்டு. இந்த மண்ணின் மாடு இந்தக் கணக்குக்குள்ளேயே பல தலைமுறை பிழைத்து வந்திருக்கிறது. அதைப் பற்றி அவ்வப்போது எழுதிவைத்தவை இவை.

*

உம்பளச்சேரி, நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கத்துக் கிராமம். மாட்டினத்துக்கும் அதே பெயர். ஊரில் கேட்டால் தெற்கத்தி மாடு என்பார்கள், ஜாதி மாடு என்பார்கள். உழவு மாட்டுக்குச் சிறுவயதிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்ற பெயரும் உண்டு. பார்வைக்குக் காங்கேயத்தின் சாயல், ஆனால் உருவத்தில் சிறியது. கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறேழு மாதத்தில் அந்தச் செம்மை வடிந்து சாம்பல் நிறம் ஏறும். நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. நான்கு காலிலும் கீழே வெள்ளை. கட்டையான உடம்பு, கெட்டிக் குளம்பு. முழங்கால் சேற்றில் ஏர் இழுக்கத் தோதான கட்டு. 1909-ல் கன் என்பவர் எழுதிய தென்னிந்திய மாடுகள் பற்றிய நூலிலும், 1936-ல் லிட்டில்வுட் எழுதிய நூலிலும் தஞ்சை மாடு என்ற பெயரில் இந்த இனத்துக்கு இடம் உண்டு.

*

மாட்டின் மூச்சை எண்ண மூக்கைப் பார்க்க வேண்டாம். விலாவுக்குப் பின்னால், தொடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அது ஒருமுறை உள்வாங்கி மேலெழுந்தால் ஒரு மூச்சு.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு வீட்டுக் கொட்டகை. மே மாதம், பிற்பகல் இரண்டரை மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அடுத்தடுத்த தறியில் ஒரு கலப்பின ஜெர்சி, ஓர் உம்பளச்சேரிப் பசு. ஜெர்சியின் பள்ளம் துடித்துக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கு எண்பதைத் தாண்டியது. கழுத்தை நீட்டி, வாயைச் சற்றே திறந்து, எச்சில் நூலாக ஒழுக நின்றது. வைக்கோல் அப்படியே கிடந்தது. மாட்டுக்கு அறுபதைத் தாண்டினாலே வெக்கை தாக்குகிறது என்று பொருள். பக்கத்துப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் மூச்சு முப்பதை ஒட்டித்தான். அசைபோடுகிற மாடு சௌகரியமாக இருக்கிறது என்பது மாடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டம்மாள் சொன்னார்: “ஜெர்சிக்கு ஃபேன் போட்டிருக்கோம். அது கேக்குது, செய்யறோம். இது ஒண்ணும் கேக்காது. கேக்காததாலயே இதுக்கு யாரும் எதுவும் செய்யறதில்ல.”

*

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டியது. வெளியே வெயில் சுடுகிறது, தரை அனல் வீசுகிறது. போதாததற்கு உள்ளே ஓர் அடுப்பு வேறு. இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்கவைக்கும்போது எழுகிற சூடு அது. தீனி எவ்வளவு கூடுதலோ, பால் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு சூடு. வெக்கையில் மாடு தின்ன மறுப்பது நோயல்ல. உள்ளே எரிவதைத் தணிக்கத்தான் அது தீனியைக் குறைத்துக்கொள்கிறது.

திமில் உள்ள நம் மாடுகளுக்கு வசதிகள் சில உண்டு. உடம்புக்குள் பிறக்கும் சூடே குறைவு. உள்ளிருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவருவதில் ரத்த ஓட்டத்துக்குத் தடை குறைவு. வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. ரோமம் குட்டை, வழவழப்பு. மேலே வெளிர்சாம்பல் ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கீழே கருந்தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது.

திமிலும் அலைதாடியும்தான் வெயிலைத் தாங்கவைக்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். 1950-களில் அமெரிக்காவில் சிவப்பு சிந்தி காளைகளுக்கு அறுவை செய்து இரண்டையும் நீக்கிப் பார்த்தார்கள். தாங்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிகிற உறுப்பில் இல்லை, உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஒரு குணத்தை மட்டும் பிடுங்கி இன்னொரு மாட்டில் நட்டுவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

*

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் குறியீட்டெண் ஒன்று இருக்கிறது. 72-ஐத் தாண்டினால் சீமைக் கறவைக்குச் சங்கடம் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு நாளுக்குப் போட்டுப் பார்த்தேன்.

உள்நாட்டில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு: எண் 84.
வேதாரண்யம் கரையோரம் 32 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு: எண் 86.

ஆறு டிகிரி குறைவாக இருக்கிற இடத்தில்தான் மாட்டுக்குச் சிரமம் அதிகம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. காயாத வியர்வை குளிர்ச்சி தராது. “இன்னிக்கு வெயில் இல்ல, புழுக்கம்தான்” என்று சொல்லி மாட்டை விட்டுவிடுகிறோம். அந்தப் புழுக்கம்தான் அதைக் கொல்கிறது.

இரவுக்கும் போட்டேன். 28 டிகிரி, 85 விழுக்காடு: எண் 80. பகலில் சேர்த்த சூட்டை மாடு இரவில்தான் இறக்கிவைக்க வேண்டும். நம் கடலோரத்தில் ஆனி வரைக்கும் அதற்கு வழியில்லை. மறுநாள் காலை மாடு முந்தைய நாளின் பாக்கியோடுதான் எழுகிறது.

*

எருமைக்கு வேறு வழி. கறுப்புத் தோல், சொற்ப ரோமம், வியர்வைச் சுரப்பியும் குறைவு. அதற்குத் தண்ணீரோ சேறோ வேண்டும். குட்டையில் கழுத்தளவு கிடந்தால் எந்தக் கத்திரியையும் கடந்துவிடும். குட்டையைத் தூர்த்தால் எருமை போய்விடும். எத்தனையோ ஊர்களில் போயும்விட்டது.

*

1944-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஐபீரியா பண்ணையில் ரோட் என்ற ஆய்வாளர் எளிய சோதனை ஒன்றை வகுத்தார். நிழலில்லாத வெயிலில் மாட்டை விட்டு, காலையும் பிற்பகலும் உடல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூறிலிருந்து பத்து மதிப்பெண் கழியும். இந்திய ரத்தம் ஓடும் பிராமன் மாடு 90-ஐ ஒட்டி நின்றது. இறைச்சிக்குப் பேர்போன ஆங்கஸ் 60-ஐ ஒட்டி இறங்கியது.

அந்தப் பிராமன் இனம் காங்ரேஜ், கிர், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் கலப்பில் அங்கே உருவானது. 1924-லேயே அதற்கென்று சங்கம் வைத்துவிட்டார்கள். 1933-ல் ஆஸ்திரேலியா குவீன்ஸ்லாந்துக்கு அதை இறக்குமதி செய்தது. வெப்ப நாடுகளில் இறைச்சிக்கு மாடு வளர்க்கும் தொழிலே நம் மாடுகளின் முதுகில் ஏறித்தான் நின்றது.

*

அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியின் ஓங்கோல் மாடு, பிரேசிலில் ‘நெலோரே’. 1960-களில் ஓங்கோல் பக்கத்துக் கரவடி கிராமத்தின் பெயரைத் தாங்கிய காளை ஒன்று அங்கே போனது. இன்றும் அந்நாட்டு வம்சாவளிப் பட்டியல்களில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பிரேசிலில் மாடுகள் 20 கோடிக்கு மேல், பெரும்பகுதி திமில் மாட்டு ரத்தம். 2023-ல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் மூன்றில் ஒரு பங்கை ஏலம் விட்டார்கள். அந்த விலையை வைத்துக் கணக்கிட்டால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல்.

இந்தச் செய்தியைப் பகிர்ந்து பெருமைப்பட்டவர்கள் பலர். நான் அதில் பார்ப்பது வேறு. அங்கே அந்த மாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. இறைச்சி என்ற வேலை. வேலை இருந்ததால் பேணினார்கள், தேர்ந்தெடுத்தார்கள், ஏடு போட்டுப் பதிந்தார்கள். இங்கே உம்பளச்சேரிக்கு இருந்த வேலை ஏர். டிராக்டரும் பவர் டில்லரும் வந்து அதை எடுத்துக்கொண்டன. மாற்றாக எதையும் நாம் கொடுக்கவில்லை.

*

ஓங்கோல் பெரிய உடம்புக்காரன், இறைச்சிக்கு ஏற்றவன். உம்பளச்சேரி சிறியது. பிரேசிலைப் பார்த்து இதையும் கறிமாடாக்கலாம் என்றால் நடக்காது. இதன் சிற்றுடம்பே இதன் பலம். கொஞ்சம் தின்று, கொஞ்சம் சூடு பிறப்பித்து, நிறைய நடக்கும்.

*

2022 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மரபணு திருத்திய இறைச்சி மாடுகளுக்கு, ஆபத்து குறைவு என்று முடிவுசெய்து, சந்தைக்கு வழிவிட்டது. என்ன திருத்தம்? ரோமத்தைக் குட்டையாக, வழவழப்பாக ஆக்கும் திருத்தம். வெயிலைத் தாங்குவதற்கு. கரீபியன் தீவுகளின் செனபோல் மாட்டில் இயற்கையாகவே இருக்கும் மாற்றம் அது.

ரோமத்தில் ஒரு சிறு மாற்றத்துக்கு அங்கே ஆய்வகம், காப்புரிமை, அரசு அனுமதி. தலைஞாயிற்றின் தரிசில் அதே வழவழப்பான ரோமத்தோடு மேய்கிற மாடு சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

*

சந்தை என்றால் எந்தச் சந்தை, அங்கிருந்து எங்கே என்பதைப் பேசத் தயங்குகிறோம். பேச வேண்டும். உழைத்து ஓய்ந்த மாடும் கறவை வற்றிய மாடும் மணப்பாறை போன்ற சந்தைகள் வழியாக இறைச்சிக்குப் போகின்றன, பெரும்பாலும் கேரளத்துக்கு. 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியில்லாத மாட்டை அறுக்கச் சான்று தரலாம். அந்தப் பணம் சிறு விவசாயிக்கு அடுத்த கன்றின் முதல். அந்தக் கறி ஏழைக்குக் கட்டுப்படியாகும் புரதம். இரண்டையும் மதிக்கிறேன்.

எனக்கு மனம் ஒப்பாதது லாரி. வெயில் தாங்கும் மாடு என்றாலும் காற்று வேண்டும், வியர்வை காய இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். விலாவோடு விலா ஒட்ட நெருக்கி, உச்சி வெயிலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினால் எந்த இனத்தின் எந்தத் திறனும் உதவாது. இரவில் ஏற்றுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வழியில் தண்ணீர் காட்டுவது. இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்த உயிருக்குக் கடைசி நாளில் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

*

கலப்பின மாட்டைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உம்பளச்சேரிப் பசு நாளைக்கு இரண்டு லிட்டரைத் தாண்டுவது அரிது, கன்று குடித்ததுபோக மிஞ்சுவது இன்னும் குறைவு. கலப்பின ஜெர்சி எட்டு லிட்டர் தருகிறது. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன் என்று அரசு வகுத்ததும் 2011-ல் விலையில்லாக் கறவை மாடு கொடுத்ததும் ஏழைப் பெண்களின் கைக்குக் காசு வருவதற்காக. அந்தக் காசில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

ஆனால் எட்டு லிட்டருக்கு உடம்பு கொடுக்கும் விலை சூடு. பாலையும் தாங்கும் திறனையும் ஒரே உடம்பில் முழுசாகக் கேட்பது நியாயமில்லை. அதிகப் பாலுக்கு உடம்பு அதிகம் எரிந்தாக வேண்டும், அதிகம் எரிகிற உடம்புக்கு வெயில் ஆகாது. ஜெர்சியை வைத்திருப்பவர் நிழலும் காற்றும் தண்ணீரும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். மாட்டைக் கொடுத்த திட்டங்கள் நிழலையும் கொடுத்திருக்க வேண்டும்.

*

“சித்திரையில போட்ட சினை ஊசி எதுவும் நிக்கலைங்க” என்கிறார்கள் ஊருக்கு ஊர். மாடு பருவத்துக்கு வந்ததே தெரிவதில்லை. கத்துவதில்லை, மற்றதன் மேல் தாவுவதில்லை, இரவில் ஓரிரு மணி நேரம் குறி காட்டிவிட்டு அடங்கிவிடும். ஊசி சரியாகப் போட்டாலும் கரு முதல் சில நாளில் தாயின் சூட்டில் கலைந்துவிடுகிறது. ஊசி போட்டவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. திமில் மாட்டின் கருவோ அந்தத் தொடக்க நாட்களிலேயே சூட்டைக் கூடுதலாகத் தாங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். தாங்கும் திறன் தோலில் மட்டுமல்ல, அணு அணுவாக இருக்கிறது.

சினை நிற்காத ஒரு கோடை என்றால் கறவையில்லாத ஒரு வருடம். வெக்கையின் உண்மையான நட்டம் இதுதான். மாடு செத்தால் கணக்கில் வரும், இது எந்தக் கணக்கிலும் வராது.

*

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. தென்னையும் மாவும் புளியும் தூங்குமூஞ்சியும் ஒரே இரவில் சாய்ந்தன. மாடுகள் செத்தன. செத்த மாட்டுக்கு நிவாரணம் பேசினார்கள், தென்னைக்கும் பேசினார்கள். நிழலுக்கு யாரும் பேசவில்லை. அடுத்த கோடையில் பிழைத்த மாடுகள் கட்ட மரமில்லாமல் தகரத்தின் கீழ் நின்றன. வெயிலில் நிற்கும் மாட்டின் மேல் விழும் சூட்டுச் சுமையில் மூன்றில் ஒரு பங்கையாவது நல்ல நிழல் குறைக்கும். மரநிழல் அதிலும் மேல். இலை தானும் குளிர்ந்து, தன்னைச் சுற்றியும் குளிர்விக்கும். தகரம் வெயிலைத் தடுத்துவிட்டு அனலைக் கீழே அனுப்பும்.

*

கொட்டகைக்கு, கண்டவரையில் பலித்தவை:

ஆஸ்பெஸ்டாஸ் மேல் கீற்றோ வைக்கோலோ பரப்புவது. கூரையை உயர்த்துவது. கடற்காற்று வரும் பக்கச் சுவரை இடுப்பளவோடு நிறுத்துவது. கொசுவுக்குப் பயந்து நான்கு பக்கமும் சாக்கு கட்டுவதைவிட, அந்தியில் மூட்டம் போட்டுவிட்டுக் காற்றைத் திறந்துவிடுவது மேல்.

வைக்கோலை மாலை மங்கிய பிறகும் விடியுமுன்னும் போடுவது. தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்றில் சூடு உச்சிக்கு வரும். காலை ஒன்பதுக்கு வயிறு நிறையப் போட்டால் அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும்.

தண்ணீரை நாளுக்கு இருமுறை காட்டுவதை விட்டு, எந்நேரமும் தொட்டியில், நிழலில் வைப்பது.

மாட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் காற்று ஓட வேண்டும். மூடிய கொட்டகையில் ஈரம் மட்டும் ஏற்றினால் புழுக்கம் கூடும், மாடு இன்னும் இரைக்கும்.

*

பழைய உழவர்களுக்கு இந்த அறிவெல்லாம் நேரக் கணக்காக இருந்தது. விடிவதற்குள் ஏர் பூட்டிவிடுவார்கள். வெயில் ஏறி மாட்டின் வாயில் நுரை தள்ளுமுன் அவிழ்த்துவிடுவார்கள். குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டி மரத்தடியில் கட்டுவார்கள். பரம்படிப்பது அந்தியில். இவ்வளவு தாங்குகிற மாட்டுக்கும் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள்.

எந்தக் காளை சேற்றில் மூச்சிரைக்காமல் இழுத்தது என்று ஊரே பார்த்திருக்கும். அந்த வம்சத்துக் கன்றைத்தான் தேடி வாங்கினார்கள், கோயில் காளையாகவும் விட்டார்கள். வெயில் தாங்கும் திறனுக்குச் சோதனைக்கூடம் நம் வயல்தான். ஏர் நின்றதும் அந்தச் சோதனையும் நின்றுவிட்டது. சோதிக்காமல் வெறுமனே நிறம் பார்த்தும் சுட்டி பார்த்தும் காக்கிற இனம், சில தலைமுறையில் பெயரளவில்தான் உம்பளச்சேரியாக இருக்கும்.

*

திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் அரசுப் பண்ணை உம்பளச்சேரியை வளர்த்துவருகிறது. தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிறுவனங்களுக்குக் குறைவில்லை. வெளியே வீட்டுக் கொட்டகைகளில் மாடு குறைந்துகொண்டே வந்தால் பண்ணை மட்டும் என்ன செய்யும்? உறைந்த விந்துக் குழாய் வெயிலில் உழைக்காது, கன்று போடாது.

*

அதே திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில்தான் நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. 2018 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தபோது 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் விவசாயிகளின் வயலில் இருந்தன. பெட்டியில் பூட்டியிருந்தால் அவை முளைக்காமல் போயிருக்கும். விதைத்ததால் பிழைத்தன.

மாட்டுக்கும் இது ஆகும். மாட்டை வாரத்துக்கு விடுவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. கொருக்கையிலிருந்து ஒரு குடும்பத்துக்கு ஒரு கிடாரி. அது போடும் முதல் கிடாரிக் கன்றை அடுத்த குடும்பத்துக்குத் தர வேண்டும். வேலையும் இருக்கிறது. பாரம்பரிய நெல்லுக்கு மாறியவர்கள் நாட்டு மாட்டுச் சாணமும் கோமியமும் தேடி அலைகிறார்கள். கிடை போட ஆள் தேடுகிறார்கள். பால் கொஞ்சமானாலும் நல்ல விலை கொடுத்து வாங்க நகரத்தில் ஆளிருக்கிறது. காளைக் கன்று வேண்டாதவருக்கு அதை விற்க நேர்மையான சந்தை வேண்டும். அதைத் தடுத்தால் கிடாரியையும் யாரும் வளர்க்க மாட்டார்கள்.

கூடவே ஒரு சிறு ஏடு. ஒவ்வொரு வீட்டிலும் கத்திரி நாளில், பிற்பகலில், அந்தப் பள்ளத்தைப் பார்த்து மூச்சை எண்ணி எழுதிவைக்கட்டும். கடிகாரம் போதும், கருவி வேண்டாம். ஐந்தாறு கோடை எழுதினால் எந்த வம்சம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். வயல் செய்துவந்த தேர்வை அந்த ஏடு செய்யும். ஆண்டுக்கு ஆண்டு புழுக்கம் கூடிவரும் கரையோரத்தில், நமக்கு வேண்டிய மாட்டை நம் கொட்டகையிலிருந்தே தேர்ந்தெடுக்க முடியும். அந்த மாடு இன்னும் நம்மிடம் இருக்கிறது.